தகட்டிலே பிறந்த சிற்பம்

நவீன சிற்பம் என்றதும் நம்மவருள் பலர் முகத்தைச் சுளிக்கின்றனர். “மூக்கு எங்கே, முழி எங்கே?” என்பதே அவர்கள் எழுப்பும் முதற் கேள்வி. இவ்வாறு கேட்கும் அன்பர்களிற் பெரும்பாலார் அன்று காலையிலேதான் நல்லூர்க் கந்தன் சந்நிதியிற் கைகூப்பி நின்று வந்தவர்கள் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றும். நல்லூரின் மூலத்தானத்திலே ஆறுமுகமும் பன்னிரு கரமும் கொண்ட திருவுருவம் இல்லை; வேலே அங்கு மூலவர். தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியிலும் வேலுக்கே வழிபாடு. கண்ணில்லை, காதில்லை, கைகாலில்லை. இலைபோல் அகன்று நுனியிற் கூர்ந்து நிற்கும் ஒரு வடிவம் மாத்திரமே உண்டு. அவ்வடிவத்தின் முன் நின்று உருகுவதற்கு யாழ்ப்பாணத்தவருக்கு எந்த விரிவுரையும் தேவைப்பட்டதில்லை. அங்ஙனமாயின் நவீன சிற்பியின் வடிவத்தைக் கண்டவுடன் மட்டும் நாம் ஏன் மிரளவேண்டும்?

இக்கேள்விக்கு விடைதேடிப் புறப்பட்டால், கடலுக்கு அப்பால் சென்னையில் வாழ்ந்த ஓர் உலோகச் சிற்பியிடம் வந்து சேருவோம். அவர் பெயர் பி. வி. ஜானகிராம். 1930ஆம் ஆண்டிற் பிறந்து 1995இல் மறைந்தவர். செப்புத் தகட்டையே தம் மொழியாகக் கொண்டவர். அவருடைய வாழ்க்கையையும் தொழிலையும் யாழ்ப்பாணத்து வாசகர் அறிந்திருப்பது பல வகையிற் பயன்தரும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதலானேன்.

பள்ளியும் ஆசான்மாரும்

ஜானகிராம் பயின்ற சென்னைக் கலைப்பள்ளி நெடிய வரலாறு உடையது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் 1850இல் தொடங்கிய அப்பள்ளி, பின்னர் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. கைத்தொழில்களைச் செம்மை செய்வதே அதன் தொடக்ககால நோக்கம். மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை ஆகியவற்றின் பட்டறைகள் அங்கு ஓவிய வகுப்புகளுக்கு அருகிலேயே இருந்தன. இதனை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் விளைந்த விளைவுக்கு இந்த அண்மையே வித்து.

1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்திரி அதன் தலைவரானார். மெரீனாக் கடற்கரையில் இன்றும் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் படைத்தது. பாறையைப் பெயர்க்க முயலும் நால்வரின் தசைநார் ஒவ்வொன்றும் முறுக்கேறி நிற்பதை அங்கே காணலாம். மேனாட்டு முறைப்படி உடற்கூற்றை உள்ளவாறே காட்டும் கலை அது. அவ்வழியிலே தேர்ந்து பின் தமக்கென வேறுவழி கண்டவர் எஸ். தனபால். மயிலாப்பூரிற் பிறந்து, அப்பள்ளியிலேயே மாணவராகவும் ஆசிரியராகவும் பின் அதிபராகவும் விளங்கிய தனபால், சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் தமிழ் நாட்டின் முகத்தை வடிக்க முயன்றார். அவர் செய்த ஔவையார் சிற்பம் புகழ் பெற்றது. முதுமையின் தளர்ச்சியும் தமிழின் நிமிர்வும் ஒருருவில் இசைந்த படைப்பு அது.

1957இல் ராய் சௌத்திரி ஓய்வு பெற்றபின் கே. சி. எஸ். பணிக்கர் பள்ளியின் தலைமையை ஏற்றார். மேனாட்டாரைப் பின்பற்றியே நாம் காலம் கழிப்பதா, நம் மண்ணிலிருந்து எழும் நவீனக் கலை என ஒன்று இல்லையா என்ற வினாவை அவர் மாணவர் உள்ளத்தில் ஊன்றினார். அங்ஙனம் ஊன்றப்பட்ட உள்ளங்களுள் ஒன்று ஜானகிராமுடையது. முதலில் ஓவியத்திற் பட்டயம் பெற்ற அவர், பின்னர் மீண்டும் மாணவராகிச் சிற்பமும் பயின்றார். ஓவியனின் கோடும் சிற்பியின் பருமையும் ஒருவரிடத்திலே கூடின. அவருடைய தகட்டுச் சிற்பங்களில் கோடு அத்துணை உயிரோடு ஓடுவதன் காரணம் இதுவே எனலாம்.

வார்ப்பும் தகடும்

தமிழரின் உலோகச் சிற்பம் என்றதும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளே நம் நினைவுக்கு வரும். அவை மெழுகு வார்ப்பு முறையாற் பிறந்தவை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவத்தை முதலிற் செய்வர். அதன்மேல் ஆற்று வண்டலைப் பூசிப் பூசி உலர்த்துவர். பின் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறும். எஞ்சிய கருக்கூட்டினுள் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். கூட்டை உடைத்தால் திருமேனி கிடைக்கும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இம்முறை இன்றும் வழங்குகிறது. நமது நாட்டிலும் பொலன்னறுவையில் 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளிலே பெல் துரையின் அகழ்வினால் இத்தகைய சைவத் திருமேனிகள் வெளிப்பட்டன. கொழும்பு நூதனசாலையிலே அவற்றைக் காணலாம். அவற்றின் பொருளை உலகுக்கு எடுத்துரைத்தோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியும் நம்மவர்கள்.

இத்துணைப் பெரிய வார்ப்பு மரபு கண்முன் இருக்க, ஜானகிராம் அதனை விடுத்துத் தகட்டை எடுத்தது ஏன்? வார்ப்பு மிகுந்த பொருட்செலவு வேண்டுவது. உலையும் மூசையும் துணையாட்களும் வேண்டுவது. இது ஒரு காரணம். மற்றொரு காரணம் ஆழமானது. சோழச் சிற்பி முழுமை பெற்ற ஒரு மரபின் உச்சியில் நின்றான். அதே முறையில் மீண்டும் வார்த்தால் நகல்தான் பிறக்கும். மரபோடு உறவு வேண்டும். ஆனால் அம்மரபின் வேறொரு வாயிலால் நுழைய வேண்டும். அந்த வாயில், கோயிலிலே மூலவருக்குச் சார்த்தும் கவசம்.

கவசம் செய்யும் முறையை நம்மவர் அறிவர். தகட்டை அரக்குப் படுக்கையின்மேற் கிடத்தி, பின்புறமிருந்து உளியாலும் சுத்தியலாலும் மெல்லத் தட்டித் தட்டி மேடு எழுப்புவர். பின் முன்புறம் திருப்பி நுணுக்கங்களைச் செதுக்குவர். செம்பு தட்டத் தட்ட இறுகும் இயல்பினது. இறுகிய தகட்டை மேலும் அடித்தாற் கிழிந்துபோகும். அப்போது அதனைத் தணலிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகிக் கொடுக்கும். அடிப்பதும் காய்ச்சுவதுமாக இப்படிப் பல முறை நிகழும். தாய் பிள்ளையை வளர்க்கும் பக்குவம் இது. கண்டிப்பும் கனிவும் மாறி மாறி வரவேண்டும்.

ஜானகிராம் இம்முறையைக் கைக்கொண்டதோடு நிற்கவில்லை. அடித்தெழுப்பிய தகட்டின்மேல் கம்பிகளையும் சிறு துண்டுகளையும் பற்றவைத்தார். கம்பி புருவமாயிற்று, வரி வரியாக ஓடி ஆடையின் மடிப்பாயிற்று, மணி மணியாகத் திரண்டு அணிகலனாயிற்று. இறுதியில் செம்பின் பளபளப்பைக் களைந்து, கருமையும் பசுமையும் கலந்த களிம்பு நிறத்தை ஊட்டினார். புதிதாகச் செய்த பொருள் நெடுங்காலம் மண்ணுள் இருந்து எழுந்தது போன்ற தோற்றம் பெற்றது. பிள்ளையார், கண்ணன், கிறிஸ்து என அவர் கையிற் பிறந்த உருவங்கள் பல. சமயம் எதுவாயினும் தகடு ஒன்றே. அதன்மேல் ஓடிய பரிவும் ஒன்றே.

முதுகில்லாத சிற்பம்

சென்னைக்குத் தெற்கே சோழமண்டலக் காட்சிக்கூடத்தில் அவருடைய படைப்புக்களின் முன் நான் நின்றபோது, சிற்பத்தைச் சுற்றிவந்து பார்க்கும் பழக்கத்தினால் பின்புறம் சென்று எட்டிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை! தகட்டின் குழிந்த உட்புறமும் பற்றவைத்த தழும்புகளுமே இருந்தன. சிற்பம் எனப்படுவது எப்புறமிருந்தும் காணத்தக்கதாய் இருத்தல் வேண்டும் என்பது மேனாட்டு இலக்கணம். அவ்விலக்கணப்படி இது பாதிச் சிற்பம் என்று கூறிவிடலாம். அவ்வாறு கூறினோரும் உளர்.

ஆனால் நமது கோயிலுக்குட் சென்று பாருங்கள். கருவறையிலுள்ள மூர்த்தியை நாம் என்றேனும் சுற்றிவந்து பார்த்ததுண்டோ? திரை விலகுகிறது. தீப ஒளியிலே அலங்காரத்தோடு ஒரு முகம் நம்மை நோக்குகிறது. அந்த ஒரு கணத்திலே காண்பவனும் காணப்படுபவனும் நேருக்கு நேர் நிற்கின்றனர். நாம் அதனைத் தரிசனம் என்கிறோம். பின்புறம் பற்றிய எண்ணமே அங்கு எழுவதில்லை. ஜானகிராமின் சிற்பம் நேராக நின்று நேராக நோக்குவது இந்தத் தரிசன அனுபவத்தை நவீன மனிதனுக்கு மீட்டுத் தருவதற்காகவே எனலாம். மாலை, சந்தனம், கவசம், சாத்துப்படி இவற்றினூடே நம் மனத்திற் பதிந்த தெய்வ முகம் எதுவோ அதனையே அவர் சிற்பமாக்கினார்.

ஆயினும் குறை கூறாது புகழ்வது திறனாய்வு ஆகாது. இவ்வகைச் சிற்பத்திலே ஓர் ஆபத்து உண்டு. அணி மிகுந்து உரு மறைந்துவிடலாம். தகட்டின் மேல் நகைவேலை செய்வது கைக்குப் பழகியபின், சிந்தனையின்றியே கை ஓடத் தொடங்கும். செல்வர் வீட்டு வரவேற்பறையின் சுவரை அழகு செய்யும் பொருளாய்ச் சிற்பம் தாழ்ந்துவிடவும் கூடும். ஜானகிராமின் சிறந்த படைப்புகளில் வெறுந்தகட்டின் அமைதியும் கம்பியின் ஆரவாரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. அவரைப் பார்த்துச் செய்தோர் பலருடைய வேலையில் ஆரவாரம் மட்டுமே எஞ்சியது. மூலத்தையும் நகலையும் பிரித்தறிய மாணவருக்கு இதுவே நல்ல உரைகல்.

கலைஞர்கள் கட்டிய ஊர்

கலைஞன் எவ்வாறு உண்பது? இக்கேள்வி யாழ்ப்பாணத்திற் சித்திரம் கற்க விரும்பும் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெற்றோர் கேட்பது. கேட்பதில் தவறில்லை. அதற்குப் பணிக்கரும் அவருடைய மாணவரும் கண்ட விடை, சோழமண்டலம் என்னும் ஊர். ஓவியமும் சிற்பமும் விற்று அரிசி வாங்க முடியாத காலம் அது. ஆகவே கலைஞர்கள் ஒரு சங்கமாகக் கூடிக் கைவினைப் பொருள்களைச் செய்தார்கள். மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகள் அவற்றுள் முதன்மையானவை. அவற்றை விற்று வந்த பணத்தைச் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலிலே நிலம் வாங்கி 1966இல் குடியேறினார்கள். ஜானகிராம் அவ்வூரை நிறுவியோருள் ஒருவர். அரசாங்கத்தின் கருணையை எதிர்பாராது கலைஞர் தம் கைவினையாலேயே தம் கலையைக் காத்த செய்தி ஆசியாவிலேயே அரியது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கைவினை கலைக்குச் சோறிட்டது. அதனோடு கலைக்குக் கருவியும் கொடுத்தது. துணியிலே மெழுகுக் கோடு இழுத்த கை ஓவியத்தின் கோட்டை மாற்றியது. செம்பிலே அணிகலனும் சிறு பொருளும் செய்த பழக்கம் சிற்பத்தின் இயல்பையே மாற்றியது.

அவ்வூரில் ஜானகிராமுக்குப் பின் தோன்றியவர் பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபால். 1946இற் பிறந்த அவர் லொயோலாக் கல்லூரியிற் பௌதிகம் பயின்றவர். பின் கலைப்பள்ளியிற் சேர்ந்தார். செம்பு, பித்தளை ஆகியவற்றை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, சிலவற்றிற்கு வண்ணப் பூச்சும் ஏற்றி, வெட்டவெளியில் நிற்கத்தக்க பெருஞ் சிற்பங்களை அவர் சமைத்தார். முன்னோக்கிக் கதை சொல்லும் சிற்பம் என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. கருடனும் அனுமனும் மரமும் கொடியும் அவருடைய உலோகத்தில் ஒன்றையொன்று பற்றி ஏறும். 1978இல் டில்லியில் நடைபெற்ற அனைத்துலக மூவாண்டுக் கண்காட்சியிற் பொற்பதக்கம் பெற்ற நந்தகோபால் 2017இல் மறைந்தார். திருவரங்கத்து ஸ்தபதி மரபிலே பிறந்த வித்யாசங்கர் ஸ்தபதியும் அதே தகட்டு வழியிற் புகழ் ஈட்டினார். பௌதிக மாணவனும் ஸ்தபதி குடும்பத்துப் பிள்ளையும் ஒரே பட்டறைக்கு வந்து சேர்ந்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேற்கிலும் பட்டறையே

உலோகச் சிற்பத்தில் புதுமை செய்த மேனாட்டாரும் பட்டறையிலிருந்தே வந்தனர் என்பதை நம் மாணவர் அறியவேண்டும். ஸ்பெயின் நாட்டு ஹூலியோ கொன்சாலெஸ் (1876–1942) பார்சலோனாவில் உலோகவேலை செய்யும் குடும்பத்திற் பிறந்தவர். பாரிஸ் நகரிலே ரெனோ மோட்டார்த் தொழிற்சாலையில் 1918இல் வேலைபார்த்தபோது வாயுத்தீயினால் இரும்பைப் பற்றவைக்கும் வித்தையைக் கற்றார். பத்தாண்டுகளின் பின் பிக்காசோவுக்கு இரும்பிலே சிற்பம் செய்யக் கைகொடுத்தவர் அவரே. அமெரிக்கரான டேவிட் ஸ்மித் (1906–1965) இளமையில் ஸ்ருடிபேக்கர் மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். அங்கே கற்ற தொழிலே பின்னாளில் அவருடைய உருக்குச் சிற்பங்களாயிற்று. நமது நாட்டிலும் சிங்களச் சிற்பி திஸ்ஸ ரணசிங்க வெண்கல வார்ப்பில் தேர்ந்து, இலண்டன் றோயல் கலைக் கல்லூரியின் வார்ப்புக் கூடத்திற் பணியாற்றும் அளவுக்கு உயர்ந்தார். தொழிலைக் கையால் அறியாதவன் உலோகத்தில் புதுமை செய்த வரலாறு எங்குமில்லை.

நமது பட்டறைகள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாண நகரிலே கன்னாதிட்டி என்றும் தட்டாதெரு என்றும் இடங்கள் உண்டு. வெண்கலம் பித்தளை வேலை செய்த கன்னாரும் பொன்வேலை செய்த தட்டாரும் வாழ்ந்த வரலாற்றை அப்பெயர்களே சொல்லும். உதடு படாமல் நீர் அருந்துவதற்கென நம்மவர் கண்ட மூக்குப்பேணியை எடுத்துப் பாருங்கள். வயிற்றின் திரட்சியும் கழுத்தின் ஒடுக்கமும் மூக்கின் வளைவும் ஒன்றுக்கொன்று எத்துணைப் பொருத்தம்! தூண்டாமணி விளக்கில் அகலின் எண்ணெய் குறையுந்தோறும் மேலுள்ள கலத்திலிருந்து எண்ணெய் தானே இறங்கும். காற்றின் அழுத்தத்தை அறிந்து செய்த அந்த நுட்பத்தின் பழைய உருவத்தைத் தெதிகமையில் அகழ்ந்தெடுத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கிலும் காணலாம். வடிவமும் பயனும் இவ்வாறு ஒன்றிய பொருளைச் செய்தவன் சிற்பி அல்லன் என்று எவர் சொல்லத் துணிவார்?

ஆனால் நாம் சொன்னோம். நெடுங்காலம் செயலாற் சொன்னோம். விளக்கை வாங்கினோம், செய்தவனின் பெயரைக் கேட்கவில்லை. தேருக்கும் வாகனத்துக்கும் தகடு போர்த்தவனைத் திருவிழாவன்று எங்கே நிறுத்தினோம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், சிற்பாசாரியர் என்னும் ஐவகைத் தொழிலாளரையும் சாதிப் பெயராலே அறிந்தோமேயன்றிக் கலைஞராக அறிந்தோமில்லை. கைவினையையும் கலையையும் பிரித்துப் பார்ப்பது பெரும் பிழை என்று ஆனந்த குமாரசுவாமி 1908இலேயே தமது சிங்களக் கலை பற்றிய பெருநூலில் வலியுறுத்தினார். மானிப்பாயோடு உறவுடைய குடும்பத்தில் வந்தவரின் அந்த வாக்கை உலகம் கேட்டது, நம்மூர் கேட்கவில்லை.

அதன்பின் போர் வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ வீடுகளில் கிடாரமும் குத்துவிளக்கும் கிணற்றினுள் இறக்கப்பட்டன, மண்ணுட் புதைக்கப்பட்டன. மீண்டு வந்தபோது சில கிடைத்தன, பல கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுள்ளும் பல, வறுமையின் காரணமாகவும் புதுப் பாத்திரங்களின் மோகத்தாலும் பழம்பித்தளை வாங்குவோரின் தராசிலே நிறுக்கப்பட்டன. தேய்ந்த மூக்குப்பேணி ஒன்று தராசுத் தட்டில் ஏறும்போது அதன் எடைக்கு மட்டுமே விலை. அதன் வளைவுக்கு விலை கிடையாது. அந்த வளைவை மறுபடி அடித்தெழுப்பும் கையும் குறைந்துவிட்டால், நாம் இழந்தது பாத்திரம் மட்டுமன்று.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயர் தாங்கிய பீடத்தில் இன்று சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. சிற்பக் கலையின் உலக வரலாற்றை நம் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். கொன்சாலெஸ் பெயரை அறிந்த மாணவன் அங்கு உண்டு. செம்பைக் காய்ச்சும் பதத்தை அறிந்த தொழிலாளி, சைக்கிளிற் போனால் அரைமணி நேரத்தில் அடையும் தூரத்தில் இருக்கிறான். இருவரும் சந்திப்பதில்லை. சென்னையில் அச்சந்திப்பு நிகழ்ந்ததனால் ஜானகிராம் தோன்றினார்.

ஆதலால் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரப் பாடவேளைகளிற் சிலவற்றையேனும் பட்டறையில் நடத்துங்கள். மாணவன் தன் கையால் ஒரு சாண் தகட்டை அடித்து, அது இறுகுவதையும் தணலில் இளகுவதையும் உணரட்டும். முதியதொரு தொழிலாளி சொல்லும் உளிகளின் பெயர்களையும் பற்றாசு சேர்க்கும் அளவுகளையும் குறிப்பேட்டில் எழுதட்டும். ஏட்டின் தலைப்பில் அந்தத் தொழிலாளியின் பெயரை முதலில் எழுதட்டும். கோயில் அறங்காவலர்கள், புதிய கவசமோ வாகனத் தகடோ செய்விக்கும்போது, செய்தவர் பெயரையும் ஆண்டையும் உட்புறத்திலேனும் பொறிக்கச் செய்யலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை; ஓர் உளியும் சிறிது நன்றியும் போதும்.

ஜானகிராமின் சிற்பத்தின் பின்புறத்தில் நான் கண்டது வெறுமை என்று முன்னே சொன்னேன். அந்த வெறுமையில் ஆயிரம் சுத்தியலடிகளின் தடம் இருந்தது. முன்புறத்தின் அழகு முழுவதும் அந்தப் பின்புறத்து அடிகளால் எழுந்ததே. நம் பண்பாட்டின் முன்புறத்தை வியந்து பேசும் நாம், அதன் பின்புறத்தில் நின்று தட்டியவர்களை இனியேனும் பெயர் சொல்லி அழைப்போமாக.